இரண்டு விசிலுக்கு ஒரு பல்

டெய்லரம்மாவுக்குக் கத்தரிக்கோல் துணி வெட்டத்தான். நூல் வெட்டுவதற்குப் பல் இருந்தது. மேல்வரிசையில் நடுவே இருக்கும் இரண்டில் இடது பக்கத்தது. தையல் முடிந்ததும் துணியை மிஷினிலிருந்து இழுத்து, முகத்தருகே கொண்டுபோய், தலையை ஒரு சொடுக்குச் சொடுக்குவாள். நூல் அறுந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே பல், அதே இடம். அந்தப் பல்லின் நுனியில் நூல் வந்து உட்காருவதற்கென்றே சின்னப் பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. பாபின், அளவு டேப், சாக்குக்கட்டி வரிசையில் அதையும் ஒரு சாமானாகத்தான் அவள் நினைத்துவந்தாள்.

அந்தப் பல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விசில்.

விரல் வைக்காமல், நாக்கை முன்பற்களுக்குப் பின்னால் மடித்து அவள் அடிக்கிற விசில் தெருமுனை வரை கேட்கும். தையல் கடை மாடியில், வீடு கீழே, நடுவில் செங்குத்தான படி. கீழே இருக்கும் புருஷனைக் கூப்பிட ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏற முடியாது. ஒரு விசில் என்றால் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மேலே வர வேண்டும். இரண்டு என்றால் டீ.

இந்த விசில் கணக்கு பஸ்ஸிலிருந்து வந்தது; அங்கே ஒன்று என்றால் வண்டி நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். அவர் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். அவர்கள் கல்யாணமே ஒரு விசிலில்தான் ஆரம்பித்தது. தையல் வகுப்புக்குப் போகும் பெண்ணாக அவள் தினமும் அவர் வண்டியில் ஏறுவாள். ஒருநாள் ஒரு நிறுத்தத்தில் அவர் இறங்கி, யாருடைய மூட்டையையோ ஏற்றிவிட்டு, மூட்டைக்காரரோடு பேச்சில் இறங்கிவிட்டார். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவள் இரண்டு விசில் அடித்தாள். டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை, வண்டியை எடுத்துவிட்டார். தோள்பை குதிக்கக் கண்டக்டர் பின்னால் ஓடிவருவதை வண்டியே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. மூச்சிரைக்க ஏறியவர், "யாரு அடிச்சது?" என்று கேட்டார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் மட்டும் பல் தெரியச் சிரித்தாள்.

"அந்தப் பல்லைப் பாத்துதான் விழுந்தேன்" என்று இப்போதும் சொல்வார்.

"விழுந்தது ரோட்டுல. முட்டிகிட்ட பேண்ட் கிழிஞ்சுது. நான்தான் தெச்சுக் குடுத்தேன்" என்பாள் அவள்.

அறுபத்தாறு வயதில் அந்தப் பல் ஆட ஆரம்பித்தது. ஈறு கெட்டு, பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்துவிட்டது என்றார் பல் டாக்டர். பல்லை எடுத்தாயிற்று. வலி ஒன்றும் பெரிதாக இல்லை. புண் ஆறியதும் மாடியில் உட்கார்ந்து விசில் அடித்துப் பார்த்தாள். சைக்கிள் டியூபில் முள் குத்தினால் வருமே, அப்படி ஒரு காற்று. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் காற்று.

கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் டீயோடு படியேறி வந்தார்.

"விசில் கேட்டுச்சா?" என்றாள் ஆசையாக.

"கேட்டுச்சே."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"நேரமாச்சேன்னு வந்தேன்மா."

மறுநாள் அவர் பெட்டியைக் குடைந்து தன் பழைய விசிலை எடுத்துவந்து கொடுத்தார். ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு அவள் திருப்பித் தந்துவிட்டாள்.

"இது உங்க குரலுங்க. இந்த வீட்ல உங்க குரல் ஒண்ணு போதும்."

பல்செட்டு ஒன்று போட்டுப் பார்த்தார்கள். அதோடு விசில் அடித்தபோது செட்டு பறந்துபோய்ப் பட்டன் டப்பாவில் விழுந்தது. கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவளுக்குக் காஜாக்காரி என்றே பெயர். டெய்லரம்மாவோடு சேர்ந்தே நரைத்தவள். அவள்தான் செட்டைத் தேடியெடுத்தாள். "அக்கா, நல்லவேளை பாத்தேன். இல்லேன்னா யாரு சட்டையிலயாவது வெச்சுத் தெச்சிருப்பேன்."

அன்று எல்லாரும் சிரித்தார்கள். டெய்லரம்மா அளவு டேப்பை வாயில் வைத்து மறைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு விசிலுக்கு முயற்சி செய்யவில்லை. மர ஸ்கேலால் தரையில் தட்டிக் கூப்பிட்டாள். தட்டினால் அவர் வந்தார். தட்டுகிறவளுக்கும் அது பிடிக்கவில்லை, வருகிறவருக்கும் பிடிக்கவில்லை.

கடைசியில், "டாக்டர்கிட்ட நெலையா ஒரு பல்லு கட்ட முடியுமான்னு கேட்டா என்ன?" என்றார் கண்டக்டர்.

கிளினிக்கும் மாடியில்தான் இருந்தது. கீழே பஸ் நிறுத்தம். வந்து நிற்கிற வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டே சிகிச்சை நாற்காலியில் சாயலாம். பல் டாக்டர் முப்பத்தைந்து வயதுப் பெண். பேசும்போது, வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக் குச்சியைக் கையில் ஆட்டிக்கொண்டே பேசுவார்.

"தாடை எலும்புல ஒரு சின்ன ஸ்க்ரூ வெப்பேன். அதைச் சுத்தி எலும்பு வளந்து பிடிச்சுக்கணும். பிடிச்சதுக்கப்புறம்தான் மேல பல்லு."

"யாரு பிடிக்கணும்?"

"உங்க எலும்பும்மா. வெக்கிறது மட்டும்தான் என் வேலை."

"இவளுக்கு அறுபத்தாறாச்சே" என்றார் கண்டக்டர்.

"அறுபத்தாறு எதுக்குச் சொல்றீங்க? என் வயசு எனக்குத் தெரியாதா?"

"வயசு ஒரு தடையே இல்ல" என்றார் டாக்டர். "எண்பதுலயும் நல்லாப் பிடிக்குது. எலும்பு எப்படி இருக்குங்கறதுதான் விஷயம். எலும்புக்குன்னு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கறீங்களா? மறைக்காமச் சொல்லணும். அதுல சிலது தாடைக்கு ஆகாது."

அப்படி ஒன்றும் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். பல் இருந்த இடத்தில் எலும்பின் முன்பக்கச் சுவர் காகிதம் போல இருந்தது. இடுப்பையும் படம் எடுத்துப் பார்த்ததில் அங்கேயும் மெலிவு தொடங்கியிருந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி தரையில் கிடந்தது.

"வெயில்லயே போறதில்லையாம்மா?"

"மிஷின் நிழல்லல்ல இருக்கு."

எலும்பு டாக்டரிடம் கேட்டு மாத்திரைகள் எழுதித் தந்தார்கள். ஸ்க்ரூ வைத்தாயிற்று. மேலே ஒப்புக்கு ஒரு பல்லைச் செய்து பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிட்டார் டாக்டர். இடைவெளி தெரியாமல் இருக்க மட்டும்தான் அது.

"சில மாசம் முன்பல்லால எதையும் கடிக்கக் கூடாது. எலும்பு பிடிக்கிற காலம் இது."

டெய்லரம்மா சொன்ன சொல் தட்டவில்லை. ஆப்பிளைக் காகிதம் போலச் சீவி வாயின் ஓரத்தில் போட்டுக்கொண்டாள். ரொட்டியை ஊறவைத்தாள். வேர்க்கடலை வறுக்கிற வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்தினாள். ஆனாலும் இரண்டாம் மாதம் அந்த இடம் நமநமவென்றது. டாக்டர் ஒட்டுப்பல்லை எடுத்துவிட்டு உள்ளே தொட்டுப் பார்த்தார். ஸ்க்ரூ ஆடியது. கஷ்டமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

"இப்படி ஆகாதே" என்றார் டாக்டர். "மறந்தாப்பல எதையாவது கடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா."

"நான் சாட்சி" என்றார் கண்டக்டர். "பிஸ்கட்டைக்கூடத் தண்ணியில போட்டுக் குடிக்கிறா."

இடைவெளி தெரியாமல் இருக்க ஒட்டுப்பல்லைத் திரும்ப ஒட்டிவிட்டு, டாக்டர் படத்தைப் பார்த்தபடி யோசனையில் நின்றார். அவருடைய வெள்ளைக் கோட்டில் இரண்டாவது பட்டன் நூலறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்தே அது டெய்லரம்மாவின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. வாயில் ஒரு பக்கம் பஞ்சு. மனசு சரியில்லை. மனசு சரியில்லாதபோது கை சும்மா இருக்காது. பையிலிருந்து ஊசிநூலை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் அசையாம நில்லுங்க."

நாலு குத்து. பட்டனுக்கு அடியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். குனிந்தாள். தலையை ஒரு சொடுக்கு.

"ஆச்சு" என்று நிமிர்ந்தாள்.

டாக்டர் பட்டனைப் பார்த்தார். பிறகு அவள் வாயைப் பார்த்தார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"பட்டன் தெச்சேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ணலையே."

கண்டக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐயோ, நானும் தினம் பாக்கறேனே. என் கண்ணுலயும் படலையே!"

அவர் சைகை செய்து காட்டிய பிறகுதான் டெய்லரம்மாவுக்கே புரிந்தது. "நூலா? நூல் என்ன சாப்பாடா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடிப்பீங்க?"

"எத்தனை தடவை கண்ணு சிமிட்டறீங்கன்னு உங்களைக் கேட்டா சொல்வீங்களா டாக்டரம்மா?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். கடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒட்டுப்பல் அசையும், அதற்கு அடியில் ஸ்க்ரூவும் அசையும். மயிரிழைதான். ஆனால் ஸ்க்ரூ அசைகிற இடத்தில் எலும்பு வராது, சதைதான் வரும். சதைக்குப் பிடிக்கத் தெரியாது.

"இன்னொரு தடவை வெக்கலாம். எலும்புத் தூள் போட்டு, ஆறவிட்டு, அப்புறம். ஆனா உள்ளதைச் சொல்லிடறேன். இருக்கிற எலும்பு இந்த ஒரு தடவைக்குத்தான் தாங்கும். இதுவும் போச்சுன்னா செட்டுதான்."

பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கும்போது, "செட்டு வேணாங்க" என்றாள்.

தூள் போட்டு ஆறுவதற்குப் பல மாதம் ஆயிற்று. இரண்டாவது ஸ்க்ரூ உள்ளே போன அன்றே வீட்டில் காவல் தொடங்கிவிட்டது. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை நாடாவில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினார் கண்டக்டர். காஜாக்காரியை எதிரே உட்காரவைத்தார். துணி முகத்துக்குப் போகும்போதெல்லாம் அவள், "வாய்!" என்று கத்த வேண்டும். காஜாக்காரிக்கு இந்த உத்தியோகம் ரொம்பப் பிடித்துவிட்டது. கத்துவதற்கென்றே பிறந்தவள் போலக் கத்தினாள். அளவு கொடுக்க வந்த ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து, "வாய்!" என்று ஒரு சத்தம். அவர் பயந்து வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். பேண்ட் இடுப்பைக் கொஞ்சம் தளர்வாக வைக்கச் சொல்லத்தான் வந்தாராம். அது பிறகு பேண்ட் ஏறாதபோது தெரிந்தது.

கண்டக்டர் கடைசி நாள் வேலையிலிருந்து ஞாபகத்துக்கு எடுத்துவந்த டிக்கெட் கட்டு ஒன்று பெட்டியில் இருந்தது. நூல் உதட்டைத் தொட்டால் ஒரு டிக்கெட் கிழிப்பார். ஒரு டிக்கெட்டுக்குக் காலை வெயிலில் பூங்காவை ஒரு சுற்று நடக்க வேண்டும்.

"இது என்ன அநியாயம்?"

"எலும்புக்கு நடை நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. நீ கடிக்கலேன்னா பல்லுக்கு நல்லது, கடிக்கப் போனா இடுப்புக்கு நல்லது. எப்படிப் பாத்தாலும் உனக்கு லாபம்தான்."

முதல் நாள் டிக்கெட்டில் பட்டன் டப்பாவே நிறைந்தது. மறுநாள் காலை அவள் திட்டிக்கொண்டே நடந்தாள். அவர் பக்கத்தில், "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, படியில நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பூங்காவில் நடக்கிற மற்றவர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு அவர்களும், "கண்டக்டர், இன்னிக்கு எத்தனை டிக்கெட்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டிக்கெட் குறைந்துகொண்டே வந்தது. டிக்கெட் இல்லாத நாளிலும் நடை நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் வந்தது. மேஜை, நாற்காலி, தரை எங்கும் சீருடைத் துணி. காஜாக்காரி உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். கண்டக்டர் தைத்து முடித்த கட்டைக் கொடுத்துவர வெளியே போயிருந்தார். மத்தியானம் டெய்லரம்மா காலர் மேல் காலராக ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வேகம் வந்துவிட்டது. பழைய வேகம். ஏதோ உதட்டில் ஒட்டியிருப்பது போல இருந்தது. விரலால் எடுத்தாள். வெள்ளை நூல்.

மிஷின் நின்றுவிட்டது. கத்தரி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பல்லால் கடித்தோம்? ஒரு தடவையா, காலையிலிருந்தேவா? நாக்கு ஒட்டுப்பல்லின் பக்கம் போயிற்று. அழுத்திப் பார்க்கப் பயமாக இருந்தது. நூலைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். அவர் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். வந்தார். சொல்லவில்லை.

மறுநாள் காலை பூங்காவில் அவருக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

"என்ன, இன்னிக்கு எக்ஸ்பிரஸ் வண்டியா? எந்த ஸ்டாப்லயும் நிக்காதா?"

நின்றாள். "கடிச்சுட்டேங்க."

"எப்ப?"

"நேத்து. எந்தப் பல்லுன்னு தெரியல. ஒரு தடவைதானான்னும் தெரியல."

கண்டக்டரின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. டிக்கெட் கட்டை வெளியே எடுத்தார். பார்த்தார். கிழிக்காமல் உள்ளே வைத்துவிட்டார்.

"இதுக்கு டிக்கெட் கிடையாது. வா, சும்மா நடப்போம்."

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "போனாப் போகுது விடு. விசில் வரலேன்னா நான் நாள் முழுக்க மாடியிலயே வந்து உக்காந்துக்கறேன். கூப்பிடற வேலையே இல்ல பாரு."

"நாள் முழுக்கவா?" அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, அந்த எலும்பு நல்லாப் பிடிச்சுத் தொலையட்டும் சாமி."

அவர் சிரித்த சிரிப்பில் புல்தரையில் மேய்ந்துகொண்டிருந்த புறாக்கள் எழும்பின. அவளும் சிரித்தாள். வாயை மறைக்க டேப் கையில் இல்லை.

சோதனை நாளன்று கண்டக்டரையும் உள்ளே நிற்கச் சொன்னாள். வாய் திறப்பதற்கு முன் பூங்காவில் சொன்னதையே டாக்டரிடமும் சொன்னாள். டாக்டர் தலையாட்டினார். ஒட்டுப்பல்லை எடுத்தார். ஈறைக் கொஞ்சம் விலக்கி ஸ்க்ரூவின் தலையை வெளியே கொண்டுவந்து, அதன்மேல் சின்ன உலோக மூடி ஒன்றை முடுக்கினார். பிறகு கண்ணாடிக் குச்சியைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் மூடியின் மேல் தட்டினார்.

டிங்.

"இன்னொரு தடவை தட்டுங்க" என்றார் கண்டக்டர். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்.

டிங். கிண்ணத்தின் விளிம்பில் கரண்டி பட்ட மாதிரி.

"ஆடற ஸ்க்ரூன்னா சொத்துன்னு சத்தம் வரும். இது கெட்டியா நிக்குது." டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். ஸ்க்ரூவின் ஒவ்வொரு மரையிலும் வெள்ளையாக எலும்பு ஏறி உட்கார்ந்திருந்தது. "நீங்க எந்தப் பல்லால கடிச்சீங்களோ, எனக்குத் தெரியாது. உங்க எலும்பு அதைக் கண்டுக்கவே இல்ல."

"ரைட்!" என்றார் கண்டக்டர். கிளினிக் முழுக்கக் கேட்டது.

அடுத்தது பல். டெய்லரம்மா அதைப் பற்றித் தெளிவாக இருந்தாள். பழைய பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து வேண்டும்.

"எல்லாரும் சந்தை அடைக்கச் சொல்லித்தான் எங்கிட்ட வர்றாங்க" என்றார் டாக்டர்.

"அவங்கள்ளாம் விசில் அடிக்கிறவங்களா?"

"நுனியில பள்ளமும் வேணுமா?"

டெய்லரம்மா கழுத்துக் கத்தரியைத் தொட்டுக்கொண்டாள். "அது வேணாம்."

பல் தயாராகி வந்த அன்று டாக்டர் அதை மாட்டிவிட்டு அடிக்கச் சொன்னார். காற்று. கழற்றி ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்து மாட்டினார். ஒரு சீறல். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். "நேரமாகும் போல. நான் கீழ போய் நம்ம வண்டி வருதான்னு பாக்கறேன்" என்று கண்டக்டர் இறங்கிப் போனார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. நாலாவது தடவை பல்லை முடுக்கிவிட்டு டாக்டர் குச்சியை ஆட்டினார்.

"இதுக்கு மேல தேய்க்க மாட்டேன். முதல்ல இதைக் கேளுங்க. இந்தப் பல்லு சொத்தை ஆகாது. ஆனா சுத்தி அழுக்கு தங்கினா ஈறு கெடும், பின்னாலயே எலும்பும் இறங்கும். முன்ன போன மாதிரியே போயிடும். தினமும் இந்தப் பிரஷ்ஷால இடுக்குல எடுக்கணும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் எங்கிட்ட காட்டணும். மாத்திரை, வெயில், நடை எதையும் விடக் கூடாது."

டெய்லரம்மா அந்தக் குட்டிப் பிரஷ்ஷை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மிஷின்ல பஞ்சு தட்டறது மாதிரியே இருக்கு."

"அப்பப் பழக்கமானதுதான். தட்டுங்க. எங்க, இப்ப ஜன்னல்கிட்ட போய் அடிங்க பாக்கலாம். என் காதுகிட்ட வேணாம்."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே ஒரு பஸ் வந்து நின்றிருந்தது. அதன் கண்டக்டர், சின்ன வயசு ஆள், கீழே இறங்கி நின்று அவள் புருஷனுடன் பேசிக்கொண்டிருந்தான். இவர் தன் காலத்துக் கதை எதையோ கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். டெய்லரம்மா நாக்கை மடித்தாள். புதுப் பல் குளிர்ச்சியாக இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

அறைக்குள் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். ஒன்று. உடனே இன்னொன்று.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டார். சின்னக் கண்டக்டர் தன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துப் பார்த்தான், அது தானாக ஊதிவிட்டது போல. பிறகுதான் உறைத்து, "யோவ், நிறுத்துய்யா!" என்று வண்டிக்குப் பின்னால் ஓடினான்.

டெய்லரம்மாவின் கண்டக்டர் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று தலையை மட்டும் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். மாடியில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு விசில் கேட்ட மனிதர் போல, அவர் எதிர்ப்பக்கத்து டீக்கடையை நோக்கி நடந்தார்.